கம்ப்யூட்டர் அப்டேட்டுக்குப் பின் மெயில் நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் விளைபொருள் கைமாறும் இடங்களில் எல்லாம் இன்று மெயில் புழங்குகிறது. தேங்காய், மாங்காய் மொத்த வியாபாரிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், பஞ்சு, நூல் வியாபாரிகள், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்வோர், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் தயாரித்து வெளியூருக்கு அனுப்புவோர் ஆகியோருக்கு ஆர்டரும் பில்லும் மெயிலில் வருகின்றன. ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யும்போது ஓ.டி.பி. எண் செல்போனுக்கும் மெயிலுக்கும் சேர்ந்தே வருகிறது.

இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் இரவு கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகிறது. காலையில் திறந்தால் மெயில் வரவில்லை. பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. அல்லது மெயில் புரோகிராமே திறக்க மறுக்கிறது. ஆர்டர் அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். இந்தப் பதற்றத்தில் பலர் மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்துவிடுகின்றனர். கம்ப்யூட்டரை 'பார்மட்' செய்கின்றனர்; மெயில் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகின்றனர்; அல்லது இன்டர்நெட்டில் அகப்பட்ட ஏதோ ஒரு நம்பருக்குப் போன் செய்கின்றனர். சிறிய கோளாறு பெரிய நஷ்டமாவது இந்த மூன்றினால்தான்.

பருத்தியில் இலை சிவந்தால் விவரமறிந்த விவசாயி உடனே மருந்தடிப்பதில்லை. இலையைத் திருப்பிப் பார்க்கிறார். அடியில் தத்துப்பூச்சி இருக்கிறதா, அல்லது மக்னீசியம் பற்றாக்குறையா என்று தெரிந்த பிறகே காரியத்தில் இறங்குகிறார். மெயில் கோளாறுக்கும் இந்த நிதானம் வேண்டும். பெரும்பாலும் கடிதங்கள் எங்கும் போய்விடுவதில்லை. அவை வந்து சேரும் வழியில்தான் அடைப்பு. அடைப்பு எந்த இடத்தில் என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் இப்போது இந்தத் தொல்லை?

சில ஆண்டுகளுக்குள் பல மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. எனவே பலர் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டியதாயிற்று. விண்டோஸுடன் இலவசமாக வந்த 'மெயில்' என்ற புரோகிராம் 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் 'புதிய அவுட்லுக்' வந்தது. அதற்கும் முந்திய விண்டோஸ் லைவ் மெயிலுக்கு 2017-லேயே ஆதரவு நின்றுவிட்டது.

கடவுச் சொல் முறையும் மாறிவிட்டது. வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து வெளிப் புரோகிராம்கள் தனிநபர் ஜிமெயில் கணக்கில் நுழையும் வழியைக் கூகுள் 2022 மே 30 முதல் மூடியது. ஹாட்மெயில், அவுட்லுக் முகவரிகளுக்கு மைக்ரோசாப்டும் 2024 செப்டம்பர் 16 முதல் அவ்வாறே செய்தது. பழைய கம்ப்யூட்டரில் யாரோ ஒருவர் முன்பு சரியாக அமைத்துக் கொடுத்த அனுமதி உள்ளே சேமிக்கப்பட்டிருந்ததால் மெயில் ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட்டிலோ புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போதோ அந்த அனுமதி அழிந்துவிடுகிறது. நாம் வழக்கமான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். பாஸ்வேர்டு சரிதான். ஆனால் பூட்டு மாறிவிட்டது.

கண்மாயும் வாமடையும்

மெயில் வரும் வழியை நம் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். கடிதங்கள் முதலில் வந்து தேங்கும் இடம் சர்வர். அது கண்மாய். இன்டர்நெட் இணைப்பு வாய்க்கால். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற புரோகிராம் வயலுக்குள் தண்ணீரை விடும் வாமடை. உங்கள் கம்ப்யூட்டர் வயல். வயல் காய்ந்தால் கண்மாய் வற்றிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

தண்ணீர் எடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஐ.எம்.ஏ.பி. என்ற முறையில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டரில் தெரிவது அவற்றின் நகல். கம்ப்யூட்டர் பழுதானாலும் கடிதம் போகாது. பி.ஓ.பி. என்ற பழைய முறை, கண்மாய்த் தண்ணீரைச் சொந்தத் தொட்டிக்கு ஏற்றிக்கொள்வது போன்றது. கடிதம் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து நீக்கப்படுவதும் உண்டு. அப்படி அமைத்திருந்தால் பல ஆண்டுக் கடிதங்களும் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். அங்கே 'பார்மட்' செய்தால் அத்தனையும் போயிற்று. உங்கள் அலுவலகத்தில் எந்த முறை என்று தெரியாவிட்டால், பி.ஓ.பி. என்றே வைத்துக்கொண்டு எச்சரிக்கையாக இருப்பது நலம்.

தொடுவதற்கு முன் ஒரு நகல்

எந்தப் பரிகாரத்துக்கும் முன் செய்ய வேண்டியது இது. அவுட்லுக் புரோகிராமை முற்றிலும் மூடுங்கள். 'டாக்குமென்ட்ஸ்' பகுதியில் 'அவுட்லுக் பைல்ஸ்' என்ற போல்டர் இருக்கும். அதில் பெயரின் முடிவில் பி.எஸ்.டி. என்று உள்ள பைல்தான் உங்கள் தொட்டி. அதை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். போல்டர் அங்கே இல்லையென்றால் கம்ப்யூட்டர் முழுவதும் அந்த முடிவுள்ள பைலைத் தேடிப் பாருங்கள். ஓ.எஸ்.டி. என்று முடியும் பைல் சர்வரிலுள்ளவற்றின் நகல்; அது திரும்ப உருவாகிவிடும். தண்டர்பேர்டு உபயோகிப்பவர்கள் அதன் 'புரொபைல்' போல்டரை முழுவதுமாகப் பிரதி எடுக்க வேண்டும்.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை: அதே கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் கோளாறு இணைப்பில். மெயிலை விட்டுவிட்டு மோடத்தைக் கவனியுங்கள்.

இரண்டாவது சோதனை: செல்போனிலோ கம்ப்யூட்டர் பிரவுசரிலோ நேரடியாக மெயில் பக்கத்துக்குள் சென்று பாருங்கள். கடிதங்கள் அங்கே தெரிந்தால் கண்மாய் நிறைந்திருக்கிறது. அடைப்பு உங்கள் புரோகிராமில் மட்டும். அவசரமான ஆர்டருக்கு அங்கிருந்தே பதில் அனுப்பிவிட்டு, பிறகு நிதானமாகப் பழுது பார்க்கலாம். அங்கேயும் கடிதம் வரவில்லை என்றால் கணக்கில் இடம் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது சோதனை: வருவது நின்றதா, போவது நின்றதா, இரண்டுமா என்று பிரித்துப் பாருங்கள். வரும் வழியும் போகும் வழியும் வேறு வேறு. ஒன்று சரியாக இருந்து மற்றொன்று அடைபட்டிருக்கலாம். உங்கள் முகவரிக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினால் இது தெரிந்துவிடும்.

அறிகுறியும் பரிகாரமும்

1. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டல்: ஜிமெயில் கணக்கானால், புதிய புரோகிராம்களில் கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் சொந்த நுழைவுப் பக்கம் திறக்கும். அதில் பாஸ்வேர்டு கொடுத்து அனுமதித்தால் போதும். அந்த வசதி இல்லாத பழைய புரோகிராமானால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 'ஆப் பாஸ்வேர்டு' என்பதை உருவாக்க வேண்டும். 16 எழுத்துகள் கொண்ட அதனை வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதிலாக மெயில் புரோகிராமில் போட வேண்டும். அது ஒரு முறைதான் திரையில் காட்டப்படும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டும் செல்லாமல் போகும். புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. 'இணைப்பு பாதுகாப்பானதல்ல', 'சான்றிதழ் செல்லாது' என்ற எச்சரிக்கை: முதலில் கம்ப்யூட்டரின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் உள்ளேயிருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போது தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். சர்வரின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறானால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேதியைத் திருத்தி பேட்டரியை மாற்றினால் கோளாறு தீரும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்த வேண்டாம்.

3. கடிதம் வருகிறது, அனுப்பினால் 'அவுட்பாக்ஸ்' பகுதியிலேயே நிற்கிறது: பெரிய இணைப்பு ஏதாவது சிக்கியிருக்கிறதா பாருங்கள். ஜிமெயிலில் ஒரு கடிதத்துடன் 25 எம்.பி. வரைதான் இணைத்து அனுப்ப முடியும். அந்தக் கடிதத்தை நீக்கினால் பின்னால் காத்திருப்பவை போய்விடும். அதுவும் இல்லையென்றால் போர்ட் எண்களைச் சரிபாருங்கள். ஜிமெயிலுக்கு அனுப்பும் எண் 465 அல்லது 587. பெறும் எண் ஐ.எம்.ஏ.பி. முறையில் 993, பி.ஓ.பி. முறையில் 995. பழைய அமைப்புகளில் காணப்படும் 25, 110, 143 ஆகியவை பாதுகாப்புப் பூட்டு இல்லாத காலத்தவை. நிறுவனத்தின் பெயரிலேயே மெயில் முகவரி வைத்திருப்பவர்கள் அதனை நடத்தித் தருபவரிடம் சரியான எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளவும்.

4. புரோகிராம் திறந்தவுடன் உறைந்து நிற்றல்: கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே பழைய அவுட்லுக்கைத் திறந்தால் 'சேஃப் மோட்' முறையில் திறக்கவா என்று கேட்கும். அவ்வாறு திறந்து நன்றாக ஓடினால், கூடவே ஒட்டியிருக்கும் துணைப் புரோகிராம்களில் ஒன்றுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கினால் எது என்று தெரியும். வைரஸ் தடுப்புப் புரோகிராம் பழையதாக இருந்தாலும் இப்படி ஆகலாம், அதையும் புதுப்பிக்கவும்.

5. பழைய கடிதங்களைக் காணவில்லை: பெரும்பாலும் அப்டேட்டுக்குப் பின் 'புதிய அவுட்லுக்' திறந்திருக்கும். பெயர் ஒன்றானாலும் பழையதும் புதியதும் வேறு வேறு புரோகிராம்கள். பழையது கம்ப்யூட்டரில் இருந்தால் ஸ்டார்ட் பட்டியலில் 'அவுட்லுக் கிளாசிக்' என்று தேடித் திறக்கவும். உங்கள் கடிதங்கள் அங்கே இருக்கும். நிறுத்தப்பட்ட 'மெயில்' புரோகிராமில் மட்டும் இருந்த கடிதங்களையும் வெளியே எடுத்துக்கொள்ள வழி உண்டு. அதை நீக்குவதற்கு முன் அதைச் செய்துகொள்ள வேண்டும்.

6. பிரவுசரிலும் செல்போனிலும்கூடப் புதுக் கடிதம் வரவில்லை: கூகுள் கணக்கின் இலவச இடம் 15 ஜி.பி. இதில் ஜிமெயில், டிரைவ், போட்டோ எல்லாம் அடங்கும். ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் நகல்களும் இப்போது இந்தக் கணக்கிலேயே சேர்கின்றன. கல்யாண வீடியோவும் காலை வணக்கப் படங்களும் இடத்தை அடைத்துவிட்டால், வர வேண்டிய ஆர்டர் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தேவையற்ற வீடியோக்களை நீக்கிக் குப்பைத் தொட்டியையும் காலி செய்தால் வழி திறக்கும்.

7. பழைய தமிழ்க் கடிதங்கள் கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளாகத் தெரிதல்: இது மெயில் கோளாறே அல்ல. அக்கடிதங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்டவை. கம்ப்யூட்டரை 'பார்மட்' செய்தபோது அந்த எழுத்துரு போய்விட்டது. அதை மீண்டும் சேர்த்தால் இணைப்பாக வந்த ஆவணங்களைப் படிக்கலாம். அல்லது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. இனி எழுதுபவற்றையாவது யூனிகோடில் எழுதுவது நல்லது.

எதற்கும் மசியாவிட்டால்

மேற்சொன்னவற்றில் எதுவும் பலிக்காமல், அப்டேட் ஆன நாளிலிருந்துதான் கோளாறு என்று உறுதியானால், செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதியின் வரலாற்றுப் பக்கத்துக்குச் சென்று கடைசி அப்டேட்டை நீக்க முடியும். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியவர்கள் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பவும் வழி இருக்கிறது. ஆனால் இது தாற்காலிக ஏற்பாடே. பாதுகாப்புத் திருத்தம் இல்லாத கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் பார்ப்பது வேலியில்லாத தோட்டத்துக்குச் சமம். திருத்தப்பட்ட அப்டேட் வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரை அழைத்தால், 'பார்மட் செய்ய வேண்டாம், முதலில் பி.எஸ்.டி. பைலை எடுத்துக் காட்டுங்கள்' என்று சொல்லுங்கள். அந்த நகல் கைக்கு வந்த பிறகு மற்ற வேலைகள் நடக்கட்டும். கணக்கை அழித்துப் புதிதாகப் போடுவதும் அதன் பிறகே.

ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கை

மெயில் நின்ற நேரம் ஏமாற்றுக்காரர்களுக்கு நல்ல நேரம். 'உங்கள் மெயில் கணக்கு இன்றுடன் முடக்கப்படும். இங்கே அழுத்திப் பாஸ்வேர்டு கொடுக்கவும்' என்று கடிதமோ குறுஞ்செய்தியோ வரும். இன்டர்நெட்டில் 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் போலி நம்பர்களும் அகப்படும். பேசுகிறவர் உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் புரோகிராம் ஒன்றை ஏற்றச் சொல்வார். ஏற்றிவிட்டால் உங்கள் திரை முழுவதும் அவர் கையில். கூகுளோ மைக்ரோசாப்டோ தாங்களாகப் போன் செய்து பழுது பார்ப்பதில்லை. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.

இன்னொரு மோசடியும் உண்டு. மெயில் கணக்கு பிறர் கைக்குப் போனால், உங்களிடம் சரக்கு வாங்குபவருக்கு உங்கள் பெயரிலேயே 'எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது' என்று கடிதம் போகும். பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். எனவே கணக்கு எண் மாற்றம் பற்றி எந்த மெயில் வந்தாலும், முன்பே தெரிந்த நம்பருக்குப் போன் செய்து குரலைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்கவும். எவ்வளவு சீக்கிரம் தெரிவிக்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

மைக்ரோசாப்ட் தன் மாதாந்திரத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவில் தொடங்கிப் புதன்கிழமை வந்து சேரும். மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தர 11-ம் தேதியும், வரிக் கணக்குக் கொடுக்க 20-ம் தேதியும் கடைசி நாட்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி வருவதால், ஓ.டி.பி. வேண்டிய நாளில் மெயில் மக்கர் செய்யக்கூடும். 'விண்டோஸ் அப்டேட்' பகுதியில் அப்டேட்டை ஒரு வாரம் முதல் ஐந்து வாரங்கள் வரை ஒத்திவைக்கும் பொத்தான் இருக்கிறது. ஒரு வாரம் தள்ளிவைத்து, தாக்கல் முடிந்த பின் ஓய்வான நாளில் ஏற்றிக்கொள்ளலாம். அடியோடு நிறுத்திவைக்கக் கூடாது.

இத்துடன் நான்கு பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை மெயில் பைலை வெளி டிஸ்க்கில் பிரதி எடுப்பது முதலாவது. சர்வர் பெயர், போர்ட் எண்கள், பாஸ்வேர்டை மீட்க உதவும் செல்போன் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வைப்பது இரண்டாவது. அந்த மீட்பு எண் இப்போது உபயோகத்தில் உள்ளதா என்று பார்ப்பது மூன்றாவது. வேலையை விட்டுப் போன ஊழியரின் எண்ணாக அது இருந்தால் ஒரு நாள் கணக்கே கைவிட்டுப் போகும். முக்கியமான ஆர்டர், ரசீது, உரிமம் ஆகியவற்றை அன்றன்றே தனி போல்டரில் சேமித்து, வேண்டியதைக் காகிதத்தில் அச்சிட்டு வைப்பது நான்காவது.

தண்ணீர் திறப்பதற்கு முன் மடையையும் வாய்க்காலையும் பார்த்துவைப்பது நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. கம்ப்யூட்டரிலும் அதையே செய்துவந்தால், அப்டேட் ஆன மறுநாளும் ஆர்டருக்கு வழக்கம்போல் பதில் போகும்.